கிச்சடிக் கூப்பனில் உன் பிளாக்

டாக்குரியா, கொல்கத்தா,
அக்டோபர் 12

செல்லம் அக்‌ஷயாவுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நான், அப்பா, அப்பாவின் முட்டிவலி மூவரும் சௌக்கியம். பெர்கனில் நீயும் உன் தொண்டையும் சௌக்கியமா, மழையில் குல்லாய் இல்லாமல் போகாதே. இங்கே சௌக்கியமில்லாதது என் மானம் ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நாலு பக்கமும் வெண்டைக்காய் விலையை எழுதி மழுப்பிவிடுவேன். உன் பிளாகுக்கு ஒரே வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள் என்று துர்கா பூஜை சமயத்தில் போன் பண்ணிக் குதித்தாயே, பந்தலில் அடித்த டாக் மேளத்தில் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது, விழுந்த வரைக்கும் போதும் என்று நல்ல எழுத்துக்கு ஆட்கள் தானாக வருவார்கள் என்று அளந்துவிட்டேன். அப்புறம் ஆற அமர யோசித்தேன். அவர்கள் வாசகர்கள் இல்லையடி, கிச்சடிக்கு வந்தவர்கள். வரவழைத்தவள் உன் அம்மா.

இருபது பேர்கூடப் படிப்பதில்லை, டிசம்பரோடு மூடிவிடுகிறேன் என்று ஆகஸ்டில் நீ சொன்னாயே, அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நார்வே ஊரில் நீ தமிழ் பேசுவது என்னோடும் அந்த பிளாகோடும்தான், என்னோடு பேசுவதில் பாதி சாப்பிட்டாயா தூங்கினாயாவிலேயே போய்விடுகிறது. சரி, வாசகர் பிடிப்பது என்ன பெரிய வித்தை என்று நான் களத்தில் இறங்கினேன். முதலில் குடும்ப வாட்ஸப் குரூப்பில் உன் பிளாக் லிங்கைப் போட்டேன். பதினேழு பேர் கை கூப்பினார்கள், ஒருத்தரும் திறக்கவில்லை. ஜெய்ராம் மாமா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, குழந்தைக்கு வரன் பார்க்கிறீர்களா, ஜாதகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தச் சமயம் பார்த்து பூஜை கமிட்டியில் போக் பிரசாதக் கூப்பன் அச்சடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கூப்பன் இல்லாமல் அஷ்டமிக் கிச்சடி ஒரு கரண்டி கிடையாது, நம் பாராவில் ஒரு வீடு விடாமல் அதைத் தாலி மாதிரி பத்திரப்படுத்துவார்கள், உனக்குத் தெரியாததா. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. காலி இடத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. உன் பிளாகின் கியூஆர் கோடைப் போட்டு, கீழே ஸ்கேன் செய்து பாருங்கள் என்று பெங்காலியில் ஒரு வரியும் போட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதத்தான் தோன்றவில்லை.

அஷ்டமியன்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் அது மெனு என்று நினைத்துவிட்டார்கள். திறந்தால் தமிழ். எதிர் ஃப்ளாட் அண்ணி ஷிகா பௌதி என்னைத் தேடி வந்து, மீனாக்ஷி, எல்லாம் சுருள் சுருளாக வருகிறதே, கத்திரிக்காய் வறுவல் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல் என்றாள். கிளப் செக்ரட்டரி தபன்தா மைக்கைப் பிடித்து, கூப்பனின் பின்னால் இருப்பது மீனாக்ஷி பௌதி வீட்டு மந்திரம், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்தார். அதைக் கேட்டு இன்னும் நாற்பது பேர் பக்தியோடு ஸ்கேன் செய்தார்கள். அன்றிலிருந்து நீ எண்ணிக்கையைப் பற்றி வாயெடுத்தாலே நான் பேச்சை மாற்றுகிறேன், கவனித்திருப்பாய். ஆனால் நேற்று நீ, ஜனவரியில் வரும்போது வாசகர் சந்திப்பு ஒன்று வைக்கலாமா அம்மா, சின்ன ஹாலாகப் பார் என்றாயே. நீ பட்டுப்புடவையில் மேடையில் நிற்க, எதிரே பாரா முழுவதும் தட்டோடு உட்கார்ந்திருக்கிற காட்சி கண் முன்னால் வந்தது. போனில் சொன்னால் உன் குரல் இறங்குவதைக் கேட்கத் தெம்பில்லை, அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

இனி சொல்வது உன்னைத் தேற்றுவதற்காக இல்லை, நடந்தது. அந்த வரிசையில் மது என்று ஒரு பெண், திருநெல்வேலிக்காரி, ஐ.டி. வேலை, பெஹாலாவில் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள். வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று, அண்டா காலியாயிற்று, அவள் நிமிரவில்லை. கடைசியில் வெறும் தட்டோடு என்னிடம் வந்து, ஆன்ட்டி, வெந்நீர்க் குழாய்க்கு அலாரம் வைக்கிற வீட்டுக்காரம்மா கதையை எழுதினது யாரு, நாலு தடவை படிச்சுட்டேன், இங்க வந்து ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சேன் என்றாள். என் பெண் என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கிச்சடியில் மிளகு ஜாஸ்தி என்று சமாளித்தேன். யோசித்துப் பார், அந்த ஒன்றைத்தான் நீ என்னிடம் போனில் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்த மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுதுகிறாய். தனிமையின் பரிமாணங்கள் என்று தலைப்பு வைத்தால் யாரடி வருவார்கள், பெற்ற தாய் நானே மூன்றாவது வரியில் பருப்பை இறக்க எழுந்து போனவள், திரும்பி வரவில்லை. தனிமையாக இருந்தால் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டுக்காரம்மாவையும் கூட உட்கார வைத்துக்கொண்டு எழுது. ஹாலை விட்டுத்தள்ளு. மதுவுக்கும் உனக்கும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை போதும், நான் வேண்டுமானால் சமையலறையிலிருந்து கை தட்டுகிறேன். மூடிவிடாதே, அவ்வளவுதான்.

கோபமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஆசை தீரத் திட்டு. வைட்டமின் மாத்திரையை மறக்காதே, வெயிலைப் பார்க்காத ஊர் அது. நோய் நொடி இல்லாமல், எழுதிய கை ஓயாமல், நன்றாக இரு கண்ணே.

உன் கெட்டிக்காரத்தனம் மிகுந்த அம்மா,
மீனாக்ஷி

பி.கு.: உறையை ஒட்டுமுன் படித்தேன். நீ முந்நூற்றுப் பன்னிரண்டு என்று போன் செய்தது சஷ்டி சாயங்காலம். கூப்பன் விநியோகம் ஆனது அதற்கு இரண்டு நாள் கழித்து, அஷ்டமி காலை, மேஜையில் உட்கார்ந்து கொடுத்தவன் நான். – அப்பா