பள்ளத்தில் நட்ட செம்பனை மட்டை

அண்ணே,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்துப் பழக்கம். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். இருந்தாலும் போட்டுவிடுகிறேன்:

1. இன்று காலை எங்கள் தெருவில் பார்த்தது.
2. உங்களுக்கு வந்த சம்மன்.
3. நீங்கள் சொன்னதில் நான் விட்டுவிட்டது.
4. நான் விட்டுவிட்டது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது என்பது.
5. அதன் பிறகு நடந்தது.

புந்தோங்கில் எங்கள் வாசலுக்கு எதிரே, போன வாரத்து மழையில் தார் பெயர்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. காலையில் செய்தித்தாள் எடுக்கக் கதவைத் திறந்தேன். யாரோ அதில் ஒரு மரக்கிளையை நட்டு வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் அதைப் பார்த்து விலகிப் போயின.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீங்கள் இதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தீர்கள். ஆயர் தாவார் பக்கம், ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்திலிருந்து குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது உங்கள் வேலை. தோட்டத்துப் பாதை பெரிய சாலையில் சேரும் வளைவில், அடியில் ஓடிய மதகு இடிந்து சாலையின் இடது ஓரம் உள்வாங்கியிருந்தது. ஒருமுறை உங்கள் லோரியில் நானும் வந்தேன். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினீர்கள். முள் குத்தாமலிருக்கக் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஒரு செம்பனை மட்டையைப் பள்ளத்தில் நட்டீர்கள். ஒவ்வொரு நடைக்கும் இதைச் செய்வீர்களாம். அடுத்த நடைக்குள் ஏதாவதொரு வண்டி அதை அடித்துப் போட்டிருக்குமாம்.

“ஏண்ணே, ரோடு போடுறவங்க பாத்துக்க மாட்டாங்களா?” என்றேன்.

“அவங்க பாக்குற வரைக்கும் மோட்டார்ல வாரவன் பாக்கணும்ல சார்.”

பாரம் ஏற்றிய லோரி அந்தப் பள்ளத்தைத் தவிர்க்க வேண்டுமானால், வலப்பக்கம் ஏறி, சாலை நடுவிலுள்ள தாண்டக்கூடாத இரட்டைக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். ஒருநாள் அங்கே மரத்தடியில் நின்ற போலீஸ்காரர் உங்களைப் பிடித்தார். அன்று மாலை சம்மன் தாளை என்னிடம் காட்டிச் சொன்னீர்கள்: “அந்தப் போலீஸ் மாத்தாகிட்ட மலாய்லயே சொன்னேன் சார். மரத்தடியில நிக்கிறதுக்குப் பதிலா வந்து பள்ளத்துல நில்லு, எனக்கு ஒரு மட்டை மிச்சம்னேன். அவனும் சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே எழுதிட்டான்லா.”

ஏற்கெனவே உங்கள் பேரில் சம்மன்கள் இருந்தன. இந்த முறை லைசென்ஸே போய்விடலாம் என்பது இருவருக்கும் தெரியும்.

முதல் தடவை வழக்கு ஒரு வாரம் தள்ளிப்போனது. அன்று நீங்கள் பெஞ்சில் காத்திருந்தபோது, ஒரு வயதான அம்மாவின் நீண்ட முறையீட்டை நான் முழுவதுமாக மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நீர் மொழிபெயர்ப்பாளரா, வக்கீலா?” என்று கேட்டார். கூடமே சிரித்தது. எனக்குக் காது எரிந்தது.

அடுத்த வாரம் நீதிமன்ற வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “அந்தப் பள்ளத்தை மாஜிஸ்திரேட் துவான் காதுல போட்ருங்க சார். அவர் எழுதுனா அடைச்சிருவாங்க.”

“நீங்களே மலாய்ல சொல்லலாமேண்ணே.”

“நம்மது சந்தையில பேசுற பாசார் மலாய். நீங்க சொன்னாத்தான் எடுப்பா இருக்கும்லா.”

கூண்டில் நின்று தமிழில் சொன்னீர்கள். இடிந்த மதகு, உள்வாங்கிய ஓரம், அதில் விழுந்து கால் உடைந்தவர், லோரியின் பாரம், இடது பக்கமே போனால் வண்டி சாயும் என்பது, நட்ட மட்டைகள் என்று எல்லாவற்றையும் சொன்னீர்கள். நான் ஆறு குறிப்புகள் எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தேன். மாஜிஸ்திரேட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டியா மெங்காகு சாலா, துவான்” என்றேன். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கப்பட்டது.

வெளியே வந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். கோப்பியை ஆற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, “நாலே வார்த்தையில முடிச்சிட்டீங்களே. கெட்டிக்காரர்லா சார் நீங்க” என்றீர்கள். நானும் சிரித்தேன்.

இனி ஐந்தாவது. முதலாளி தவுக்கே உங்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அதே லோரியில் குலை ஏற்றி இறக்கும் ஆளாக வைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் காம்பார் ஊரிலிருந்து புது டிரைவர் வந்தார். மூன்றாவது வாரம், பட்டப்பகலில், அந்த வளைவில் லோரி இடப்பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. நீங்கள் உட்கார்ந்திருந்ததும் இடப்பக்கம்.

புது டிரைவர் மீது வழக்கு வந்தது. மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர் அழுதுகொண்டே சொன்னார்: “வலது பக்கம் ஏறு, ஏறுன்னு அண்ணே கத்துனாரு சார். மாத்தா நின்னுக்கிட்டு இருந்தாரு. அண்ணேக்கு லைசென்ஸ் போனது அங்கதானேன்னு, பயந்துக்கிட்டு நான் ஏறல.”

அன்று ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட்டும் அவரேதான். எழுதிக்கொண்டே வந்தவர் தலை தூக்கி, “இப்படி ஒரு பள்ளம் இருப்பதை ஏன் இதுவரை யாரும் சொல்லவில்லை?” என்று கேட்டார். என் வேலைப்படி அந்தக் கேள்வியையும் புது டிரைவரிடம் தமிழில் சொன்னேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் மதகைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

அந்த ஆறு குறிப்புகளும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். நல்ல மலாயில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்வேன். குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மொத்தம் ஒன்றரை நிமிடம்தான் ஆகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, எதிரே பள்ளத்தில் சாய்ந்திருந்த கிளையை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நான்காவது இடிக்கிறது. நீதிமன்ற மலாய் வேறு, பாசார் மலாய் வேறு, உங்களுக்கு எட்டியிருக்காது என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் போலீஸ்காரரையே மலாயில் கேலி செய்தவர் நீங்கள். அது கூட வேண்டாம். எந்த மொழியும் தெரியாதவருக்கும் நீளம் தெரியுமே. நீங்கள் பேசி முடித்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது. நான் சொன்னது நான்கு சொற்கள். கோப்பிக் கடையில் அதை எண்ணியே சொன்னீர்கள். நான் அதைப் பாராட்டு என்று வைத்துக்கொண்டேன்.

‘துவான், இவர் பாதியைச் சொல்லவில்லை’ என்று கூண்டிலிருந்தே சொல்லியிருக்கலாம். அதற்கு உங்கள் பாசார் மலாய் போதும். நீங்கள் சொல்லவில்லை. முந்தைய வாரம் அந்தக் கூடம் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, பெஞ்சில் இருந்தவர்களில் சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான்.

நான்காவதை அடித்துவிட்டேன், அண்ணே. அது தவறு. உங்களுக்குத் தெரிந்திருந்தது.