மந்திரிகள் வராத மேஜை

6 பிப்ரவரி 1912, செவ்வாய்

காலையிலேயே வெயில். குடைக்குக் கம்பி மாற்றக் கொடுத்தது. பல் மருந்து வாங்க மறந்தது.

மாலை லிம் வீடு. வழக்கம்போல் பத்திரிகை வாசிப்பு. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. துறைமுகக் கச்சேரியில் முப்பது வருஷம் எங்கள் மேஜைகள் அடுத்தடுத்து. அப்போது என் தப்புகளை அவர் சத்தமில்லாமல் திருத்துவார். இப்போது நான் அவருக்கு வாசிக்கிறேன். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேனா, தெரியவில்லை. சீனப் பெயர்களை நான் உச்சரிக்கும்போது அவர் மனைவி சமையலறையில் சிரிக்கிறார்.

இன்று பத்திரிகைக்கு முன் அவர் மகன் பூனின் கடிதம், இங்கிலீஷில். டிசம்பரில் கப்பலேறியவன். சீனாவில் மஞ்சு ராஜாவை உதறிய மாகாணங்கள் நான்கிங்கில் குடியரசு அமைத்திருக்கின்றன. அங்கே வெளிநாட்டு இலாகாவில் டைப் அடிக்கிறான். கடிதத்தின் சாரம்:

— மாகாணப் பிரதிநிதிகள் கூடி, மாகாணத்துக்கு ஒரு ஓட்டு என்று தற்காலிகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒன்பது இலாகாவுக்கும் மந்திரிகளை நியமித்தார்.
— மந்திரிகளில் பலர் ஊருக்கே வரவில்லை. பெரிய பெயர் உள்ள பழைய அதிகாரிகள். பெயரைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ இருக்கிறார்கள். வேலை முழுதும் துணை மந்திரிகள் தலையில்.
— நாற்காலி போதவில்லை. டைப்ரைட்டர் தேயிலைப் பெட்டி மேல். குளிரில் விரல் மடங்குவதில்லை.

லிம்முக்கு அரைத் தமிழ் வரும். எங்களோடு குப்பை கொட்டிய பலன். தொடையில் தட்டிச் சிரித்தார். "மந்திரி வீட்ல தூங்குறான், துணை மந்திரி வேலை செய்றான். நம்ம ஆபீஸ் மாதிரிலா, முத்து!"

"தற்காலிகம்" என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். "கொஞ்ச நாளுக்கு மட்டும் அரசாங்கமா? அதுக்கா இவ்ளோ தூரம் போனான்?" என் விளக்கம் சரியில்லை போலும்.

பிறகு கடைசிப் பத்தி. புது அரசின் கட்டளைப்படி இனி வருஷப் பிறப்பு ஜனவரி முதல் தேதி. "நாங்கள் கொண்டாடிவிட்டோம், அப்பா. நிலாக் கணக்கில் வரும் பழைய வருஷப் பிறப்புக்கு லீவு கிடையாது. என்னால் வர முடியாது."

இதை வாசிக்காமல் மடித்திருக்கலாம். தோன்றவில்லை.

லிம் கை நீட்டிக் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு: "வருஷப் பிறப்பை அரசாங்கம் மாத்துமா? நிலாகிட்ட கேட்டாங்களா?" மனைவி ஈரக்கையோடு வந்து நின்றார். அவரிடம் மலாயில், எனக்கும் புரியட்டும் என்று சத்தமாக: வருஷப் பிறப்புக்கு முந்தின ராத்திரி மகன் வராவிட்டால் குடும்பம் கூடிச் சாப்பிடும் மேஜை போடாதே. எனக்கு மகன் இல்லை.

8 பிப்ரவரி, வியாழன்

வெயில். ஈரவிறகு, வீடெல்லாம் புகை.

தங்கை ஞானம்மாவிடம் ஒன்பது இலாகாக்களையும் சொல்லிக்கொண்டிருந்தேன். ராணுவம், கடற்படை, நீதி, நிதி, வெளிநாடு, உள்நாடு, கல்வி, தொழில், போக்குவரத்து. கேட்டுவிட்டு: "சீனாவுக்கு மந்திரி போடுறீங்க. இந்த வீட்டுக்குக் காஞ்ச விறகு வாங்கிப் போட ஒரு ஆளு இல்ல."

போய் வாங்கினேன். அதுவும் ஈரம்.

பூன் நினைவு. நாலு வயசிருக்கும். என் மனைவி மார்த்தா அப்போது உயிரோடு இருந்தாள். கச்சேரி விட்டு லிம்மோடு நடந்து அவர் வீட்டு வாசலில் விடைபெறுவேன். உள்ளே விளக்கு ஏற்றி மேஜை தயாராக இருக்கும். சின்னவர்கள் பெரியவர்களை முறையாக அழைக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிடும் குச்சியைத் தொடக்கூடாது. பூன் முக்காலி மேல் ஏறி நின்று அழைப்பான். அப்பா சாப்பிடுங்க, அம்மா சாப்பிடுங்க, அக்காமார் மூன்று பேரும் சாப்பிடுங்க. வாசலில் நிற்கும் என்னையும் விடமாட்டான்: "முத்து மாமா, சாப்பிடுங்க!" பூனையையும் அழைப்பான். வீட்டுக்கு வந்து மார்த்தாவிடம் சொல்வேன். தினமும் சொன்னாலும் தினமும் சிரிப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அந்த முன்னிரவுகள் எவ்வளவு நீளம். வேலை முடிந்தது, வீடு பக்கத்தில், எல்லாரும் இருந்தார்கள்.

10 பிப்ரவரி, சனி

சந்தையில் லிம் மனைவி. கூடையில் கீரை மட்டும். வருஷப் பிறப்பு நெருங்கும் இந்த நாட்களில் அந்த அம்மாள் கூடையைத் தூக்க ஆள் வைப்பது வழக்கம்.

"என்சே முத்து, தோலோங்லா, கொஞ்சம் உதவுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. மேஜை போடலேன்னா அந்த வீட்டுக்கு மகன் செத்துட்டான்னு அர்த்தம். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எப்படி..." மூன்று பெண்களும் கட்டிக்கொடுத்தவர்கள். அன்றிரவு அவர்கள் புகுந்த வீட்டு மேஜைக்குத்தான் உரியவர்கள். இவர்கள் இருவரும் தனியே.

சொல்கிறேன் என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது?

மாலை சொல்ல வேண்டியவை:
1. பூன் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவன்.
2. நாமும் லீவு கேட்கப் பயந்தவர்கள்தான்.
3. அம்மாளின் முகம்.

போனேன். ரப்பர் விலை வாசித்தேன். திரும்பினேன்.

14 பிப்ரவரி, புதன்

பெரிய செய்தி. குழந்தைச் சக்கரவர்த்தியின் பேரில் ராஜ்யம் துறக்கப்பட்டது. சூலியா தெரு முழுதும் இதே பேச்சு. நாணயம் மாற்றும் மரைக்காயர் ஒருவர் பக்கத்துக் கடைக்காரரிடம்: "ராஜா போயிட்டாருன்னா இனி யாரு முகத்த காசுல போடுவாங்க?" "ஒங்க முகத்த போடச் சொல்லுங்க, காக்கா. ஒரு பய செலவழிக்க மாட்டான்."

சீன முடிதிருத்தும் கடைகளில் கூட்டம். மஞ்சு ராஜா கட்டளைப்படி வளர்த்த பின்னலை வெட்டிக்கொள்ள வரிசை. லிம் தம் பின்னலை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு செய்தியைக் கேட்டார். வெட்டவில்லை. பூன் போகும்போது வெட்டிக் கொடுத்ததைத் தாயார் சிவப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்.

இன்றும் சொல்லவில்லை.

15 பிப்ரவரி, வியாழன்

தந்திச் செய்தி, பத்து வரி. நான்கிங் தலைவர் பதவி விலக முன்வந்துவிட்டார். நாடு ஒன்றாக வேண்டுமென்று வடக்கே படை வைத்திருப்பவருக்கு இடம் விடுகிறார். அவரையே தேர்ந்தெடுக்கும்படி சபைக்குச் சிபாரிசும் செய்கிறார்.

லிம்முக்கு நம்பிக்கை இல்லை. "ஜெயிச்ச ஆள் எந்திரிச்சு நாற்காலி குடுக்கிறானா? தப்பா படிக்கிறே."

மறுபடி வாசித்தேன். இம்முறை மெதுவாக. "விட்டுக்கொடுப்பதால் வீடு பிளவுபடாமல் நிற்குமானால்" என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். பத்திரிகையில் அது இல்லை. பத்திரிகைக் குரலில் அது வரவில்லை போலும்.

"முத்து. அது பேப்பர்ல இருக்கா?"

இல்லை என்றேன்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

ஆமாம் என்றேன். காது சுட்டது. அவர் கோபிக்கவில்லை. பின்னலைத் தடவிக்கொண்டே: "அந்த வடக்கத்தி ஆளு இவங்களை வேலைல வெச்சுக்குவானா? பூனுக்கு அங்க சோறு கிடைக்குமா?"

தெரியாது என்றேன். அவன் அரசாங்கம் பிறந்து இன்னும் ஒரு பருவம் ஆகவில்லை. அதற்குள் ஆள் மாறுகிறது. எங்கள் கச்சேரியில் நாற்காலிகளுக்குக்கூட எண் போட்டிருந்தது. எண் எண்பத்தொன்று என்னுடையது. இன்னும் அங்கே இருக்குமோ?

16 பிப்ரவரி, வெள்ளி

வயிற்றுக் கோளாறு. வாசிக்கப் போகவில்லை. உண்மையில் பயம். குடை வந்துவிட்டது, கம்பி சரியில்லை.

17 பிப்ரவரி, சனி

பிற்பகல் லிம் மனைவி வாசலில். மேஜை போடச் சொல்லிவிட்டாராம்! ஒரு நிபந்தனை: நான் வர வேண்டும்.

வருஷப் பிறப்புக்கு முந்தின இந்த இரவில் வெளியாள் போவது வழக்கமில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் அடுத்த நாள்தான் போயிருக்கிறேன், ஆரஞ்சுப் பழத்தோடு. ஞானம்மா உள்ளேயிருந்து: "கூப்பிட்டா போங்கண்ணே. சாப்பாடுதானே, கோர்ட்டா?"

வெள்ளைக் கோட்டு. நாப்தலீன் வாசம்.

மேஜையில் நாலு கிண்ணம். நாலாவது பூனுக்கு, குச்சிகள் நேராக வைத்திருந்தது. வாத்து, முழு மீன், காய்கறிக் கூட்டு, சூப். உட்கார்ந்தோம். யாரும் எடுக்கவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை. சூப்பில் ஆவி குறைந்துகொண்டே வந்தது. தெருவில் பட்டாசு.

அழைக்க ஆள் இல்லை.

லிம் சொன்னார்: "மந்திரி வரலே." பிறகு என் பக்கம் திரும்பினார். பார்வை என் தோளுக்குக் கொஞ்சம் இடப்புறம் விழுந்தது. "துணை மந்திரி இருக்கான்லா. நீ என்னைவிட ரெண்டு வயசு சின்னவன்."

முப்பது வருஷமும் அவரை மிஸ்டர் லிம் என்றே அழைத்தவன். பள்ளியில் பாடம் ஒப்பிக்க எழுந்த மாதிரி எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்.

"அண்ணே, சாப்பிடுங்க. அக்கா, சாப்பிடுங்க."

நாலாவது கிண்ணத்தைப் பார்த்து, "தம்பி, நீயும் சாப்பிடு."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லிம் தடவித் தடவி மீனில் முதல் துண்டை எடுத்துப் பூன் கிண்ணத்தில் வைத்தார். அடுத்தது எனக்கு. முள் இருந்தது, விழுங்கினேன்.

கிளம்பும்போது: "நாளைக்கு உன் சர்ச் பூசை முடிஞ்சதும் வா. பூனுக்கு லெட்டர்."

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"மேஜை போட்டோம்னு எழுது."

தேதி எந்தக் கணக்கில் போடுவது, அவர்களுடைய புதுக் கணக்கா, பழையதா என்று கேட்டேன்.

"ரெண்டும் போடு."