மாத்திரை பேசிய வீரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா எழுதுகிறேன். அம்மா நலம், முழங்கால் மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் முணுமுணுக்கிறது, அவளும் அதோடு சேர்ந்து முணுமுணுக்கிறாள். நானும் நலம் என்று எழுதிவிட்டு அதை அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய், அது பேனா வழுக்கியதால் இல்லை, பொய் எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருப்பதால். போனில் சொல்லத்தான் நினைத்தேன், மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், வாய் என்னமோ வீரம் பேசத்தான் பழகியிருக்கிறது, உண்மை பேச அதற்குத் தெரியவில்லை. அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான். போன மாதத்துக்கு முந்தின மாதம் நீ ஒரு கேள்வி கேட்டாய், மனசுக்குப் போடுகிற மாத்திரையை நிறுத்தினால் அது எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும் என்று. நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. அதை நம்பி நீ ஏதாவது செய்திருப்பாயோ என்ற பயம் ஒரு வாரமாக என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அவசரம் என்பதால் தபாலில் போடவில்லை, எழுதி முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். அப்படியென்றால் அவளும் படிப்பாள். படிக்கட்டும், இனி அவளிடம் மறைக்க என்னிடம் மானம் ஒன்றும் மிச்சமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் சாப்பிடாமல் தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது நீ லீவு போட்டு வந்து, வரமாட்டேன் என்று அடம்பிடித்த என்னைக் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றைக்கு ஆரம்பித்த மாத்திரை. நீ கிளம்பும்போது அதை நம் இஸ்திரிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, தலை சீவும்போது ஞாபகம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒழுங்காகத்தான் போட்டேன். இஸ்திரிக் கடையைத் திறந்தேன், வாடிக்கைக்காரர்களோடு சிரித்துப் பேசினேன், மனுஷனாக இருந்தேன். பிறகு ஒரு நாள் பக்கத்துக் கடை தையல்காரன் சீப்பு கேட்டு வந்தவன் கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்துவிட்டான். அவன் வாய்தான் உனக்குத் தெரியுமே, பூட்டு இல்லாத கதவு. டீ குடிக்கிற இடத்தில் நாலு பேருக்கு நடுவில், அண்ணன் சிரிப்பு சொந்தச் சிரிப்பு இல்லப்பா, மாத்திரை போட்டு வாங்குன சிரிப்பு என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவனும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் கூசிவிட்டது. மறுநாளே நிறுத்திவிட்டேன். டாக்டரம்மாவைக் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, அவள் போட்டீங்களா என்று கேட்கும்போதெல்லாம் ஆச்சு ஆச்சு என்று தலையை ஆட்டினேன். ஐம்பத்தெட்டு வயசுக்காரன், பாடத்தைப் படிக்காமலே படித்துவிட்டேன் என்று சொல்கிற பிள்ளை மாதிரி.

நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்கும், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பசித்தது, தூங்கினேன், வேலை ஓடியது. பார்த்தாயா, எல்லாம் நம் மன உறுதிதான், இத்தனை நாள் சும்மா மாத்திரையை விழுங்கியிருக்கிறோம் என்று எனக்குள்ளேயே ஒரு கர்வம். சரியாக அந்த நேரத்தில்தான் நீ கேட்டாய். நீ கேட்ட விதம்கூட இப்போது காதில் அப்படியே இருக்கிறது, அப்பா, ஒருத்தங்க அந்த மாத்திரைய நிறுத்தினா எத்தனை நாள்ல உடம்பை விட்டுப் போகும், சும்மாதான் கேக்கறேன் என்றாய். ஒருத்தங்க என்றாய். உங்களுக்கு என்று கேட்கவில்லை. காது இருந்தும் நான் கேட்கவில்லை கண்ணு. அதெல்லாம் ரெண்டே நாள்ல போயிடும், நான் நிறுத்தி ரெண்டு வாரமாச்சு, கல்லு மாதிரி இருக்கேன், மனசு திடமா இருந்தா மாத்திரை எதுக்கு, அது திடமில்லாதவங்களுக்கு என்று அளந்துவிட்டேன்.  நீ, அப்படியாப்பா, சரிப்பா என்றாய். நிறுத்திவிட்டேன் என்று சொன்னதற்கு நீ என்னைத் திட்டவே இல்லை, வழக்கமாக நீ விடுகிற ஆளா. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ மகளே மெச்சிவிட்டாள் என்று சந்தோஷம்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். மாதம் ஒன்று தாண்டியது. ஒரு நாள் டீ ருசிக்கவில்லை. பால் கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன், அவள் குடித்துப் பார்த்துவிட்டு பால் நல்லாத்தான் இருக்கு, ஆள்தான் திரிஞ்சு போயிருக்கு என்றாள். பிறகு தூக்கம் போனது. பிறகு துணி மூட்டையைப் பார்த்தாலே மலைப்பு, ஒரு சட்டையை எடுத்து மேசையில் விரித்துவிட்டு காலரிலிருந்து ஆரம்பிப்பதா கையிலிருந்து ஆரம்பிப்பதா என்று நிற்பேன், முப்பது வருஷமாகக் காலரில் ஆரம்பிக்கிறவன். ஒரு காரணமும் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வரும், துணி நனைகிறதே, இன்றைக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் வேண்டாம் என்று எனக்கு நானே ஜோக் அடித்துக்கொள்வேன், சிரிப்பு வராது. இருந்து என்ன, செத்தால் என்ன என்றுகூட ஒரு மதியம் தோன்றியது. இதைப் பெற்ற மகளுக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனால் மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டால் அதுவும் இன்னொரு வீரம்தான்.

நம் மாடியில் குடியிருக்கிற நர்ஸ் வாரத்துக்கு வேண்டிய வெள்ளை யூனிஃபார்மை மொத்தமாகக் கொடுப்பாளே, அதை வாங்கி வைத்தவன் தொடவே இல்லை. திங்கட்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்புகிறவள் கடை வாசலில் வந்து அண்ணா அண்ணா என்று கூப்பிடுகிறாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், மேசைக்கு அடியில். அவளுடைய செருப்பு எனக்குத் தெரிகிறது, என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் அவளே குனிந்து உள்ளே வந்து மூட்டையிலிருந்து ஒன்றை உருவி எடுத்தாள், என்னைப் பார்த்தாள்.  கசங்கிய யூனிஃபார்மோடு வேலைக்குப் போனாள். நான் கடை வைத்த நாளிலிருந்து என் கையால் ஒரு துணி கசங்கிப் போனதில்லை கண்ணு, அன்றைக்கு அவள் முதுகில் அத்தனை சுருக்கம், அத்தனையும் என் முகத்தில் இருப்பதாகத்தான் பட்டது. சாயங்காலம் அவள் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். உன் அம்மா சொல்லி மாத்திரை விஷயம் தெரிந்தவள்தானே, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாத்திரையை எப்ப நிறுத்துனீங்கண்ணா என்று மட்டும் கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள், திருடனைக் கொண்டுபோகிற மாதிரி. நான் நிறுத்தி ரெண்டு வாரம் நல்லாத்தானே இருந்தேன் டாக்டர், அப்புறம்தானே இப்படி என்று வாதாடினேன். அவர் சிரித்துவிட்டார். நீங்க நிறுத்தினீங்க, மாத்திரை நிறுத்தல என்றார். நான் போடுகிற மாத்திரை மெதுவாக இறங்குகிற வகையாம், முதலில் பாதி கரையும், அப்புறம் மிச்சத்தில் பாதி, அதற்கப்புறம் அதிலும் பாதி, முழுக்க உடம்பை விட்டுப் போக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகுமாம். அதுவரைக்கும் உங்களைத் தாங்கிட்டு இருந்தது அதுதான் என்றார். கேட்டாயா. கல்லு மாதிரி இருக்கேன் என்று உன்னிடம் பேசியது நான் இல்லை, உள்ளே மிச்சமிருந்த மாத்திரை. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை மூடும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியில் இருக்கிற சூட்டிலேயே கைக்குட்டை, தலையணை உறையெல்லாம் தேய்த்து முடிக்கிறவன்தானே நான். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த நேரத்தில்தான் பெட்டியை உன் கையில் தருவேன், நீ பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்துவிட்டு, கரண்டே இல்லாம தேச்சுட்டேன், எனக்கு அவ்ளோ பலம் என்று ஊரைக் கூட்டுவாய். நானும் அம்மாவும் சிரிப்போம். இந்த வயசில் அதையேதான் நான் செய்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். டாக்டரம்மா எழுந்திருக்கும்போது, வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா என்று கேட்டார். இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஒருத்தங்க நிறுத்தினா என்று நீ கேட்டது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. அந்தக் கேள்விக்கு அப்புறம் நீ வீடியோவில் வருவதே இல்லை, நெட் சரியில்லை என்கிறாய், பேசினாலும் நாலு வார்த்தையில் முடித்துக்கொள்கிறாய், அம்மா கேட்டால் வேலை அதிகம் என்கிறாய். திரும்ப உள்ளே போனேன். என் மாதிரியே இன்னொருத்தங்க நிறுத்தியிருந்தா அவங்களுக்கும் மாசக்கணக்குல தாங்குமா என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படி. எல்லா மாத்திரையும் ஒன்று இல்லையாம். சிலது ரெண்டு மூணு நாளிலேயே வெளியே போய்விடுமாம், அந்த வகையைச் சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டும், தூக்கம் கெடும், எரிச்சலும் அழுகையும் வருமாம். அதைப் பார்த்து நாம் பலவீனம் என்று நினைத்துக்கொள்வோமாம், அது பலவீனமே இல்லையாம். இன்னொன்று, மாத்திரை உடம்பை விட்டுப் போவது வேறு, நோய் போவது வேறு என்றார். நிறுத்துவதென்றால் டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பதும் நாமாகச் செய்யக் கூடாது, அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். என்னையும் அவர்தான் மறுபடி ஆரம்பிக்க வைத்திருக்கிறார். போட்டதும் பலன் தெரியாது, உள்ளே ஏறுவதற்கும் சில வாரம் பிடிக்குமாம், இறங்கின மாதிரியே மெதுவாகத்தான் ஏறுமாம்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். நேற்று நர்ஸம்மாவின் யூனிஃபார்ம் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டேன், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன், அவ்வளவுதான் முடிகிறது. நான் சுருண்டு கிடந்த நாட்களில் அம்மா கடையைப் பார்த்துக்கொண்டாள், அவள் தேய்த்த பேன்ட்டுகளில் ஒரு காலுக்கு இரண்டு மடிப்பு, ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசமா அண்ணி என்று தையல்காரன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். அவன்தான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தானாம். எனக்கு அவன் மேல் கோபமில்லை. அவன் கேலி ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது, அதை நான்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன், பிறகு உனக்கும் அதையே அனுப்பிவைத்தேன். திடமில்லாதவர்களுக்குத்தான் மாத்திரை என்று நான் உன்னிடம் சொன்னது அவன் சொன்னதைவிடக் கேவலம். என்னை மேசைக்கு அடியில் பார்த்தது நர்ஸம்மா ஒருத்திதான், அந்த வெட்கம் நாள் போனால் ஆறிவிடும். நீ யாருமில்லாத ஊரில் ஒரு அறையில் உட்கார்ந்து, அப்பாவே மாத்திரை இல்லாமல் இருக்கிறார், நமக்கு என்ன கேடு என்று நினைத்து அந்த அட்டையைக் குப்பையில் போட்டிருந்தால், அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் கேட்கிறேன். உனக்காகத்தான் கேட்டாயா. ஆமாம் என்று ஒரு வார்த்தை அனுப்பு போதும். ஏன், எப்போதிலிருந்து, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒன்றும் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். சொல்ல முடியாத அளவுக்கு வீட்டில் வீரம் பேசிக்கொண்டிருந்தது யார் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே அங்கே உன் டாக்டரைப் பார். நாங்கள் வர வேண்டுமென்றால் வாங்க என்று மட்டும் சொல், கடை எங்கேயும் ஓடிப்போகாது. எனக்கு அந்த மதியம் தோன்றிய மாதிரி உனக்கும் ஏதாவது தோன்றினால் மணி பார்க்காதே, அப்பா தூங்குவாரே என்று யோசிக்காதே, கூப்பிடு. உனக்காகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டேன் என்றால் அதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டாம், கிழவன் உளறுகிறான் என்று சிரித்துவிட்டு இதை அழித்துவிடு.

நீ நல்லா இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், நீ செய்கிற வேலையில் பேர் சொல்லும்படி இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் உன்னை வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று மறக்காதே. நான் காலையில் கடை திறந்து, கண்ணாடி முன்னால் நின்று மாத்திரையைப் போட்டதும் உனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், நீ எடுக்க வேண்டாம், அப்பா போட்டாச்சு என்று அர்த்தம். உன் டாக்டர் உனக்கும் போடச் சொன்னால், போட்டதும் நீயும் ஒரு மிஸ்டு கால் கொடு. நாளையிலிருந்து என் கால் வரும். உன்னுடையது வருகிற வரைக்கும் போனை மேசை மேல், பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
கல்லு மாதிரி இல்லாத,
உன் அப்பா