பக்கம் இல்லை

2007 மார்ச் 6, செவ்வாய்

ஹட்டனில் எங்கள் இன்டர்நெட் கடையில் இன்றும் அதே கதை. கணினி தமிழை வாசித்துக் காட்டுமாம்; இலவச மென்பொருள், யாரும் எடுக்கலாம், திருத்தலாம். அதன் உதவிப் பக்கத்தில் விளக்கமெல்லாம் இருக்கிறது. 'தமிழ்க் குரலை இங்கே பெறலாம்' என்ற இணைப்பை அழுத்தினால் மட்டும் 'பக்கம் இல்லை'.

யோகேஸ் அண்ணனிடம் இதை அவசரப்பட்டுச் சொல்லித் தொலைத்துவிட்டேன். பூண்டுலோயாப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். பார்வை போனதிலிருந்து டிக்கோயாவில் எங்கள் தோட்டத்து லயத்தை விட்டு இறங்குவதில்லை. நான் பேப்பர் வாசித்தால், "போதும் தனுஜா, நீ போய் வேலயப் பாரு" என்கிறார். அடுத்தவர் வாயால் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 9

மழை. இன்டர்நெட் லைன் இல்லை.

மார்ச் 14

அந்த ஓர் இணைப்பு மட்டுமில்லை, பாதிக்கு மேல் செத்துக் கிடக்கின்றன. பல பக்கங்கள் வேறு முகவரிக்குப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். யாரும் திருத்தக்கூடிய பக்கம்தானே, தேடித் தேடி மாற்றினேன். முதலாளி நல்லமுத்து அண்ணன் எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா இந்த வேல பாக்குற?" என்றார். குரல் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

மார்ச் 15

நான் மாத்துனது எல்லாத்தையும் அழிச்சிட்டானுங்க! 'விளம்பர இணைப்புகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி. விளம்பரமா? நான் என்னத்த விக்கிறேன்? செத்த இணைப்பு இருக்கலாம், வேலை செய்யுறது இருக்கக் கூடாதா?

பக்கத்தின் அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்குக் கோபமாக எழுதிப் போட்டேன். அண்ணனுக்குக் கண் தெரியாது என்பதையும் எழுதிவிட்டேன். அதை ஏன் எழுதினேன்?

மார்ச் 22

பதில் இல்லை. அண்ணன் இப்போது கேட்பதும் இல்லை. கேட்டாலாவது எரிந்து விழலாம்.

ஏப்ரல் 3

பதில் வந்தது. குகநேசன் என்று ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவில் இருக்கிறாராம். "தங்கச்சி, அந்தப் பக்கத்தை நான் படிக்கேக்க எழுதினனான், பிறகு திரும்பிப் பாக்கேல்ல. கனக்க இணைப்பை ஒரேயடியா மாத்தினா அந்தத் தளம் விளம்பரம் எண்டு தானாவே அழிச்சுப்போடும். உங்கட திருத்தத்தைத் திரும்பப் போட்டிட்டன். குரல் என்ர பழைய கணினியில கிடந்தது, ஏத்திவிட்டிருக்கிறன். இனி நீங்களே பக்கத்தைப் பாருங்கோ."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. குரலை இறக்கும்போது லைன் வேறு அறுந்து அறுந்து போனது. அழுகை வந்தது. கடைசியில் இறங்கிவிட்டது.

ஏப்ரல் 8, ஞாயிறு

கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த கணினியை நல்லமுத்து அண்ணன் கொடுத்தார். ஆட்டோவில் டிக்கோயாவுக்குக் கொண்டுவந்து மாட்டி, குரலையும் ஏற்றினேன். பேசியது.

"என்னா இது, மூக்கடைச்ச ஆளு மாதிரி?" என்றார் யோகேஸ் அண்ணன். இதுக்காகவா நான் இவ்வளவு பாடுபட்டேன்? பிறகு சாவிப்பலகையைத் தடவிக்கொண்டே, "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார்.

தூறலில் நின்றேன். உள்ளே அந்தக் குரலில் ஒரே வரி, மறுபடி, மறுபடி.

ஜூன் 16, சனி

அண்ணன் இன்று என்னோடு ஹட்டனுக்கு வந்தார். பஸ்ஸில் என் கையைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடையில் உட்கார்ந்து உதவிப் பக்கம் முழுவதையும் வரி வரியாகக் கேட்டார்.

"தனுஜா! இங்க இன்னொண்ணு செத்துக் கெடக்கு. என்னத்தப் பாத்துத் திருத்துன?"

கடையே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகளை அதட்டும் வகுப்பறைக் குரல். அதைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

"இந்தா, பாக்குறேங்க சார்" என்றேன்.