அகலப் பலகையை நீ கீழே வைத்த நாள்

“இதுல எதுடி எனக்குச் சரி?” என்று ஒருநாள் என்னைக் கேட்டாய். இன்று காலை பஸ் அல்சூர் ஏரியைத் தாண்டியபோது ஜன்னல் வழியே பாசி வாடை வந்தது. கூடவே அந்தக் கேள்வியும் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், நம் காக்ஸ் டவுன் பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்குச் சுற்றுலா போயிருந்தோம். காலில் பலகை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தால், மோட்டார் படகு இழுத்துப் போகும், நீர்மேல் சறுக்கலாம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் யாரோ அப்படிச் சறுக்குவதைக் கரையிலிருந்து பார்த்தவள் நீ. “ஒரே ஒரு தடவை தண்ணி மேல நிக்கணும்டி” என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பயிற்சி தருபவர் அகலமான ஜோடிப் பலகையை நீட்டினார். கால்கள் விலகிப் போகாதபடி இரண்டின் முனையையும் சிறு கயிறு பிணைத்திருந்தது. ‘தானே’ என்பதற்குக் கன்னட ‘அல்வா’வைப் போட்டுக் கேட்டார்:

“ஃபர்ஸ்ட் டைம் அல்வா மேடம்? இது போடுங்க. நிதானமா தூக்கும்.”

நீ அதையும் பக்கத்தில் கிடந்த இன்னொன்றையும் பார்த்துவிட்டு, “இதுல எதுடி எனக்குச் சரி?” என்றாய். நான்தான் வாயை விட்டேன். “ஏண்டி, நடைவண்டி மாதிரி இருக்கே! அப்படியே ஒரு பீடிங் பாட்டிலும் கேளு.”

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஒல்லியான ஒற்றைப் பலகையை எடுத்தாய். “பேடா மேடம்” என்று கன்னடத்தில் வேண்டாமெனச் சொல்லி அவர் தடுத்தும் கேட்கவில்லை.

மூன்று முறை விழுந்தாய். கரையேறி, ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தபடி, “எனக்கு வராதுடி” என்றாய். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் நீ அப்படிச் சொல்ல விட்டதில்லை.

நீ உடை மாற்றப் போனபோது அவர் என்னிடம் சொன்னார்: “அவங்க பேலன்ஸ் நல்லாயிருக்கு. அந்த ஒத்தைப் பலகை நல்லா கத்துக்கிட்டவங்களுக்கு மேடம். அகலமானது போட்டிருந்தா இன்னிக்கே நின்னிருப்பாங்க.”

அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என் கேலிதான் உன்னை விழவைத்தது என்று தெரிந்துவிடும். மறுவருஷமும் அதே ஏரிக்குப் போனோம். நீ கரையில் உட்கார்ந்து எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு நாலு கோடு நோட்டுத்தான் கொடுப்போம். ஒற்றைக் கோட்டில் எழுத்து தள்ளாடினால் குழந்தையின் கையைக் குறை சொல்ல மாட்டோம். இதை ஆயிரம் பெற்றோருக்கு விளக்கிய நான், உனக்கு மட்டும் விளக்கவில்லை. உன்னால் முடியாது என்று நம்பியே நீ கண்ணை மூடிவிட்டாய். முடியும் என்று தெரிந்தே நான் இருந்துகொண்டிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: உங்கள் வீட்டில் யாராவது “எனக்கு வராது” என்று எதையாவது விட்டிருந்தால், எதை வைத்துக்கொண்டு முயன்றார் என்று இன்றே கேளுங்கள்.