ஹோஸ்ட் அமுக்கியவர்

சேந்தமங்கலத்தில் சுகமாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கல்யாணமான புதிதில் இரண்டு கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைத்து நாம் ஆடிய பழைய கார் பந்தயத்தை, நான் மலையேறி அம்மா வீட்டுக்கு வந்த பிறகு இன்டர்நெட்டில் ஆடலாம் என்றீர்கள். நேரில் வருவதைவிட அது சுலபம்தான்.

ஆட்டம் இணையவில்லை. உடனே என் அம்மாவுக்குப் போன் போட்டு, “ஏனுங்க அத்தை, உங்க புள்ளைக்கு செட்டிங்ஸ் போடத் தெரியலீங்க” என்றீர்களாம்.

எனக்கா தெரியவில்லை? ஒருவர் ஹோஸ்ட் அமுக்கிக் காத்திருக்க வேண்டும், மற்றவர் ஜாயின் அமுக்கி வந்து சேர வேண்டும். நான்தான் ஹோஸ்ட் என்று முன்பே சொன்னேன். நீங்களும் ஹோஸ்ட் அமுக்கிவிட்டு, நான் வந்து சேருவேன் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜாயின் அமுக்கினால் விரல் தேய்ந்துவிடுமா?

நான் கிளம்பி வந்த அன்று உங்கள் அம்மா என்னைக் கண்டபடி பேசியபோது சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராதவர்தானே நீங்கள். அதை எழுதக் கூடாது என்றிருந்தேன்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். மலைக்கு பஸ் இருக்கிறது. பந்தயத்தில் எந்த வளைவிலும் பிரேக் போடாத வீரரே, இந்த மலை வளைவுகளில் வாந்தி எடுப்பீர்கள். மோந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் ஜாயின் அமுக்காதவள்.