ஊசிக் காது நல்லா வந்திருக்கு

வறுத்த அரிசி வாசம் வந்தாலே மூக்கு உன்னைத்தான் தேடுகிறது. நேற்று பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம் இன்று காலை வரை பஸ் ஸ்டாண்டில் முட்டிக்கொண்டிருந்தது. அது வடிந்ததும் வாணலியைப் போட்டு ஓர் ஆழாக்கு அரிசியைச் சிவக்க வறுத்தேன். ஆறவைத்து, பழைய ரவிக்கைத் துணியில் முடிந்து, பிஸ்கட் டின்னுக்குள் கேமரா லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். அரிசி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காது. மாதம் தவறாமல் இதைச் செய்தவள் நீ. பௌர்ணமிக்கு மறுநாள் என்று நாள் குறித்தவளும் நீதான். "தேதி வெச்சா மறந்துடுவோம்டி. இந்த ஊர்ல பௌர்ணமிய எவ மறப்பா?" என்றாய்.

இப்போது நான் வறுக்கிறேன். பாதி நாள் தீய்த்துவிடுகிறேன், அது வேறு விஷயம்.

உன் தையல் கடையும் என் போட்டோ ஸ்டுடியோவும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். அண்ணன் துபாய்க்குப் போனதும் ஸ்டுடியோ என் தலையில் விழுந்தது. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று உள்ளறையில் பெண்கள் மட்டும் கூடுகிற காரியங்களுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஃப்ளாஷ் பிடிக்க நீ கூட வந்தாய். ஊரில் பாதிப் பெண்களின் ரவிக்கை அளவு உன் நோட்டில் இருந்ததே, வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலை வரை எந்த வீட்டிலும் உன்னை வாசலில் நிறுத்த மாட்டார்கள். உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே நுழைந்துவிடுவேன்.

ஆனால் ஃப்ளாஷுக்கும் உனக்கும் ஏழாம் பொருத்தம். வெளிச்சம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே உன் கண் மூடிக்கொள்ளும். உன் கல்யாண ஆல்பத்தில் தாலி ஏறும்போதும் மூடியிருக்கிறாய், பந்தியில் இலைக்கு முன்னாலும் மூடியிருக்கிறாய். அதைப் பார்த்த யாரோ, "பொண்ணுக்குக் கண்ணு தெரியாதா?" என்று உன் மாமியாரிடம் கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். வாக்காளர் அட்டையிலும் அதே கதை. "தூங்கிக்கினே ஓட்டு போட்டவ இந்த ஜில்லாவுல நான் ஒருத்திதான்" என்பாய். வெயிலில் நிறுத்தி எடுக்கலாம் என்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வாய். உன் கண் முழுசாகத் திறந்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். மிஷினுக்கு மேலே தொங்கிய அந்தக் குண்டு பல்பின் கீழே.

ஒருநாள் ரவிக்கைக்கு ஹூக் தைத்துக்கொண்டே, சிரிக்காமல் சொன்னாய்: "நாளைக்கு நான் செத்தா மாலை போடறதுக்குக் கண்ணு தொறந்த படம் ஒண்ணுகூட இல்லடி."

"வாயக் கழுவுடி" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் ஃப்ளாஷ் இல்லாமல் அறைக்குள் எடுக்கிற லென்ஸ் வாங்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்தது. தொழிலுக்கு என்று சொல்லி உன்னையும் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் மூன்று லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று ஜூம், அப்பர்ச்சர் நம்பர் மூன்றரை. இன்னொன்று முப்பத்தைந்து எம்.எம்., நம்பர் இரண்டு. மூன்றாவது ஐம்பது எம்.எம்., ஒன்று புள்ளி நான்கு. நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"நம்பர் ஜாஸ்தியா இருக்கறதையே குடுங்க. அவ்ளோ தூரத்துலருந்து வந்துருக்கோம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது. "அய்யோ, நம்பர் கம்மின்னாதான்டி ஓட்டை பெருசு. வெளிச்சம் ஜாஸ்தி உள்ள வரும்" என்று உன் காதைக் கடித்தேன்.

நீ என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாய். "நூல் மாதிரின்னு சொல்லித் தொலையேன்டி! நாப்பதாம் நம்பர் நூல் தடிமன், அறுபது மெலிசு. கம்மின்னா ஜாஸ்தி. இது தெரியாதா எனக்கு?"

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நீயோ அதோடு விடவில்லை. பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாய். "நம்ம ஊட்டு ரூமெல்லாம் ஒம்போது அடி. செவுத்துல முதுக ஒட்டிக்கினு நின்னா எட்டு அடி கெடைக்கும்" என்று கடைக்குள்ளேயே எட்டு அடி அளந்தாய். அந்தக் கோடியில் கடைக்காரரை நிற்கவைத்து, நம்பர் கம்மியான இரண்டு லென்ஸையும் மாட்டச் சொல்லிப் பார்த்தாய். ஐம்பதில் இரண்டு மூன்று பேர் கொள்கிற இடம்தான் தெரிந்தது. முப்பத்தைந்தில் இரண்டு பக்கமும் தாராளமாக இருந்தது. "முப்பத்தஞ்ச வாங்கு. வளைகாப்புன்னா சுத்தி அஞ்சு பேராவது நிப்பாளுங்க" என்றாய்.

நீ சொன்னதுதான் சரி. ஸ்டுடியோ வைத்திருந்தவள் நான், லென்ஸ் பார்க்கத் தெரிந்தவள் நீ. ஆனாலும் நான் ஐம்பதைத்தான் வாங்கினேன். "வெளிச்சம் இதுல ரெண்டு பங்கு. தொழிலுக்கு இதான் லாயக்கு" என்று புளுகினேன். உன்னிடம் எப்படிச் சொல்வேன், எனக்கு அஞ்சு பேர் வேண்டாம், ஒரு முகம்தான் வேண்டும் என்று? திரும்பும்போது திண்டிவனம் தாண்டியும் நீ முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். "அளவு எடுத்தது நானு, துணி வெட்டினது நீ. நல்லா வரும் சட்டை."

நீ சொன்ன மாதிரியே ஆனது. விசேஷ வீடுகளில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எடுத்தும் ஓரத்தில் நின்றவர்கள் பாதிப் பாதியாக வந்தார்கள். ஒவ்வொரு தரமும் நீ இஞ்ச் டேப்பை எடுத்து என் மூக்குக்கு முன்னால் ஆட்டுவாய்.

அது ஐப்பசி மாதம். மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. ஏதோ கேட்க உன் கடைக்கு வந்தேன், கழுத்தில் கேமரா. நீ பல்புக்கு நேராக ஊசியைத் தூக்கிப் பிடித்து நூல் கோத்துக்கொண்டிருந்தாய். நாக்கு நுனி வெளியே. கண் இரண்டும் அகல விரிந்து. அடியே, அப்படி ஒரு கண்ணை அதுவரை நான் பார்த்ததே இல்லை. கேமராவைத் தூக்கினேன். மூடிவிடுவாள், மூடிவிடுவாள் என்று மனசு அடித்துக்கொள்ள, அவசரமாக அமுக்கினேன். ஒரே ஒரு படம்.

ஒன்று புள்ளி நான்கில் அவ்வளவு கிட்டே எடுத்தால் இரண்டு விரல்கடை ஆழம்தான் தெளிவாக விழும், அதற்கு முன்னும் பின்னும் மங்கிவிடும். பிரிண்ட் வந்ததும் நீ கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஊசிக் காது நல்லா வந்திருக்குடி. என் கண்ணு எங்க?"

கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பனிக்குள் இருந்தது. நூலின் பிசிறு வரைக்கும் தெரிந்தது, உன் கருவிழி தெரியவில்லை. நீ கேலிக்குத்தான் கேட்டாய். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. "ஒழுங்கா மூஞ்சி காட்டத் தெரியாதவளுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் நீயே சுவரைத் தட்டிக் கூப்பிட்டுக் காபி கொடுத்தாய். படத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. அதற்கப்புறம் எத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்! இன்னொரு தரம் எடுத்திருக்கலாம். நீ அரிசி வறுத்துக் காப்பாற்றிய லென்ஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பாழாய்ப்போன ரோஷம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெனாவட்டு.

மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன் மகள் ஆல்பத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாள். "எல்லாத்துலயும் அம்மா கண்ண மூடிக்கினே இருக்காங்க, பெரிம்மா. உங்ககிட்ட வேற படம் இருக்குதா?" என்று கேட்டு அழுதாள். ஊசிப் படத்தைக் கொடுத்தேன். ஃப்ரேம் போடுகிறவர் கையையும் ஊசியையும் வெட்டிவிடலாம் என்றாராம். வேண்டாம் என்றேன். அந்தப் படத்தில் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.

மாலை போட்ட பிறகு ஒருநாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன் கண் மூடியதெல்லாம் ஃப்ளாஷுக்கு. அன்றைக்கு ஃப்ளாஷே இல்லையே! ஃப்ளாஷ் வேண்டாம் என்றுதானே அந்த லென்ஸை வாங்கினேன். நீ எங்கே மூடியிருக்கப் போகிறாய்? ஊசியில் நூல் நுழைகிற வரைக்கும் அப்படியே இருந்திருப்பாய். நான் ஒரு மூச்சு விட்டு, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை இன்னும் ஒரு மயிரிழை திருப்பியிருக்கலாம். பழக்கதோஷம். மூடாத கண்ணுக்குப் பயந்து ஓடியிருக்கிறேன்.

உன் தையல் கடை இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் பாட்டுச் சத்தம். மிஷின் சத்தம் கேட்டே பழகியவளுக்கு அது சத்தமாகவே தெரியவில்லை, வெறும் வீடு மாதிரி இருக்கிறது. யாரும் என்னை "போடி" என்று சொல்வதில்லை. எல்லாரும் "மேடம்" என்கிறார்கள்.

போன மாதம் உன் திதி. கேமராவோடு போயிருந்தேன். கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, லென்ஸ் வழியாக உன் படத்தைப் பார்த்தேன். வளையத்தைத் திருப்பினேன். மாலை தெளிந்தது, சட்டம் தெளிந்தது, ஊசி தெளிந்தது. உன் கண் மட்டும் தெளியவே இல்லை. பைத்தியக்காரி மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா பெரிம்மா, போட்டோவப் போய் போட்டோ எடுக்கறீங்க?"

உன் மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் மேல் பல்பு வெளிச்சம். உன் கண்தான் அவளுக்கு. "அப்டியே நில்லுடி" என்றேன். நின்றாள். நான் அவசரப்படவில்லை. மூச்சு விட்டேன், வளையத்தைத் திருப்பினேன், அவள் இமைக்கிற வரை பார்த்திருந்து, மறுபடி திறந்த பிறகு அமுக்கினேன். இப்போதெல்லாம் யாரை எடுத்தாலும் அப்படித்தான். அந்த ஒரு மூச்சு உன்னிடம் கடன்பட்டது.

இன்று பிரிண்ட் வந்தது. இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கருவிழிக்குள் குண்டு பல்பு கூடத் தெரிகிறது. நல்லா வந்திருக்குடி. உன்னிடம் காட்டலாம் என்று எழுந்து, பாதி வழியில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன்.